அழைப்பிதழில் பெயர் இல்லாத பக்கவாத்தியம்

கல்யாணி ஆலாபனை மேல் ஸ்தாயிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பாடகரின் வலது கை காற்றில் வளைந்து நெளிந்து ராகத்துக்கு உருவம் கொடுக்கிறது. திடீரென்று ஆள்காட்டி விரல் மட்டும் பிரிந்து, கூரையை நோக்கி இரண்டு தடவை எம்புகிறது. முன்வரிசை மாமா ஒருவர் அதையும் பிடியோடு சேர்த்துக்கொண்டு "பலே!" என்கிறார். அரங்கின் பின்கோடியில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் சேதி புரிந்துவிடுகிறது. "எனக்கு என் குரல் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் கொடு."

விரல் வயலின் பக்கம் திரும்பிக் கீழே இறங்கினால் அதைக் குறை என்று அர்த்தம். தம்பூரா பக்கம் கையைக் காட்டிக் காதைத் தொட்டால், காலடியில் இருக்கும் மானிட்டர் பெட்டியில் சுருதி போதவில்லை. கடம் வாசிப்பவர் தலையை ஆட்டிக்கொண்டே பின்பக்கம் பார்த்தால் அது ரசனையாகவும் இருக்கலாம், புகாராகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியச் சில மார்கழிகள் பிடிக்கும்.

சென்னை சபாக்களில் இவரை மைக்காரர் என்பார்கள், ஆடியோக்காரர் என்பார்கள். படித்து வந்த இளைஞராக இருந்தால் சவுண்ட் இன்ஜினியர். அழைப்பிதழில் பாடகருக்குக் கீழே வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா என்று பெயர்கள் வரிசையாக வரும். இவர் பெயர் வராது. ஆனால் அந்த மாலை ரசிகரின் காதுக்கு எது எவ்வளவு போக வேண்டும் என்று கடைசியாகத் தீர்மானிக்கும் கை இவருடையது. கச்சேரி நன்றாக அமைந்தால் பாராட்டு மேடைக்குப் போகும். சரியில்லை என்றால், "மைக் சொதப்பிடுச்சு சார்" என்ற ஒரு வாக்கியத்தில் கதை முடிந்துவிடும். அந்தச் சொதப்பலில் பாதிக்கு மேல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். அது மிக்ஸரில் தொடங்குவதில்லை.

சென்னையில் 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாகப் பிறந்தது மியூசிக் அகாடமி. 1928-இல் முறைப்படி தொடங்கியது. அதன் இன்றைய அரங்கம் 1962-இல் திறக்கப்பட்டது. அகாடமியும் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களும் டிசம்பரில் ஒரே மேடையில் மதியம் தொடங்கி இரவு வரை அடுத்தடுத்துக் கச்சேரி வைக்கின்றன. சில இடங்களில் காலையில் சொற்பொழிவும் செயல்விளக்கமும் வேறு உண்டு. ஒரு கச்சேரிக்கு மங்களம் பாடி, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து முடிப்பதற்குள் அடுத்த குழு திரைக்கு ஓரத்தில் வந்து நின்றுவிடும். இடையில் கிடைப்பது கால் மணி நேரம். நேரம் இழுத்துப் பாடியவர் இருந்தால் அதுவும் இல்லை. அதற்குள் ஸ்டாண்டுகளை நகர்த்தி, உயரம் மாற்றி, ஒவ்வொரு மைக்காகக் குரல் கேட்டு முடிக்க வேண்டும். ஊரெல்லாம் கேன்டீனில் அடைக்கும் காபிக்கும் வரிசையில் நிற்கும் அந்தக் கால் மணி நேரம்தான் மைக்காரருக்கு நாளிலேயே கெடுபிடியான நேரம்.

மேடையில் ஒரு மிருதங்கத்துக்கு மைக் வைப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். வழக்கமாக இரண்டு மைக்: வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. வலந்தலையின் நடுவில் கறுப்பாகச் சாதம் இட்டிருப்பதால் அதன் நாதம் கூர்மையானது, சுருதியோடு இழைவது. இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பார்கள். அதிலிருந்து வருவது கனத்த கும்காரம். வித்வான் பாடகரின் வலப்பக்கம் உட்காருவதால் வலந்தலை சபையைப் பார்த்தபடி இருக்கும், தொப்பி பின்திரையைப் பார்க்கும். இடக்கை வாத்தியக்காரராக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி வாசித்த மேதை. அவர் போன்றவர் வாசித்தால் வயலின்காரரோடு இடத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மேடையில் போட்டுவைத்த கேபிள்களும் கூடவே இடம் மாறும்.

தொப்பி மைக்கைத் தோலுக்கு மிகவும் நெருக்கி வைத்தால் 'தொம் தொம்' என்று வயிற்றில் இடிக்கும். மேடையில் புழங்கும் பெரும்பாலான மைக்குகள் ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் அதிகம் வாங்குபவை. அவற்றின் குணம், ஒலி வரும் இடத்தை நெருங்க நெருங்கக் கீழ்ஸ்தாயியை ஊதிப் பெரிதாக்குவது. மைக்கை விழுங்குவது போலப் பிடித்துப் பேசும் அரசியல்வாதியின் குரல் இடிபோல் வருவதும் இதனால்தான். மைக்கைத் தள்ளி வைத்தாலோ மிருதங்கத்தோடு பக்கத்துக் கடமும் பாடகரின் குரலும் சேர்ந்து நுழைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், நாலு விரற்கடையிலிருந்து ஒரு சாண் வரைக்குள் எங்கோ, அந்த வாத்தியத்துக்கும் அந்தக் கைக்கும் பொருந்தும் ஓர் இடம் இருக்கிறது. ஸ்டாண்டை அரை அங்குலம் திருப்பினாலே வித்தியாசம் கேட்கும். மிக்ஸரில் பத்து பொத்தானைத் திருகிச் செய்ய முடியாததை இந்த அரை அங்குலம் செய்துவிடும் என்பது அனுபவஸ்தர்கள் எல்லாரும் சொல்வது. பிறகு கச்சேரி நடுவில் வித்வான் கல்லை எடுத்து வாத்தியத்தின் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பார். அந்தச் சில நொடிக்கு அவருடைய மைக்கை அடக்கி, அடுத்த பாட்டு எடுக்கும் முன் திறந்துவிட வேண்டும். திறக்க மறந்த கதைகள் எல்லா அரங்கத்திலும் உண்டு.

மைக்கே இல்லாத காலம் ஒன்று இருந்தது, வெகு தூரத்தில் இல்லை. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். வந்தவர்கள் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர் 1938-இல் காலமானார். வந்தவர்களின் அந்த அமைதி மரியாதைக்காக மட்டும் அல்ல, இயற்பியலுக்காகவும்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் இறங்கும். ஒரு மீட்டரில் 65 டெசிபல் கேட்கும் வீணை, 16 மீட்டர் போவதற்குள் 41-க்கு வந்துவிடும். சுவரும் கூரையும் கொஞ்சம் திருப்பித் தரும் என்றாலும், ஒரு பெரிய அரங்கத்தின் ஏ.சி. இரைச்சலும் இருமலும் பட்டுப்புடவைச் சரசரப்பும் சேர்ந்தால் அந்த அளவை எட்டிவிடும். வீணை ஆயிரம் பேர் அரங்கத்துக்குள் நுழைந்தது மின்சாரத்தின் தயவால்தான்.

நாடகக் கொட்டகையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கப் பாடினார்கள். அதற்கு உச்சக் கட்டையில் பாட வேண்டியிருந்தது. மேல் ஸ்தாயியில்தான் குரல் தூரம் போகும். மைக் வந்த பிறகு பாடகர்கள் சௌகரியமான சுருதிக்கு இறங்கினார்கள். தொண்டை கிழியக் கத்தாமல் மந்தர ஸ்தாயியில் மெல்ல நகரும் ராக ஆலாபனையைக் கடைசி வரிசைக்காரரும் கேட்க முடிந்தது. குரலைப் பற்றிய நம் ரசனையையே ஒரு கருவி மாற்றிவிட்டது. அது நல்லதா கெட்டதா என்று இன்றும் சபா வாசலில் சண்டை போடலாம்.

கருவி வந்ததோடு ஒரு வியாதியும் வந்தது. அரங்கமே காதைப் பொத்திக்கொள்ளும் அந்த 'கூ...' சத்தம். நடப்பது இதுதான்: மைக் வாங்கிய ஒலி ஸ்பீக்கரில் வெளியே வருகிறது, அதில் ஒரு பகுதி திரும்பவும் அதே மைக்குக்குள் போகிறது, அது மறுபடி பெருகி மறுபடி வெளியே வருகிறது. ஒரு சுற்றில் இழப்பதைவிடப் பெறுவது கூடுதலானால் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் பிடித்துக்கொண்டு ஊளையிட ஆரம்பிக்கும். எந்த ஸ்வரம் என்பது அரங்கத்தையும் பெட்டியையும் மைக் நிற்கும் இடத்தையும் பொறுத்தது. மனிதக் காது மிகவும் கூர்மையாக இருக்கும் பகுதியில், நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரையில், கூவினால் பல் கூசும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. மேடையில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், கூவாமல் கொடுக்கக்கூடிய ஒலி சுமார் 3 டெசிபல் குறையும். ஒரே மைக்கில் ஆரம்பித்து, குரல், வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு, கடம், தம்பூரா, அறிவிப்பாளர், செயலாளர் என்று எட்டு மைக் திறந்துவைத்தால் 9 டெசிபல் கையைவிட்டுப் போயிற்று. அதனால்தான் தேர்ந்த மைக்காரர் யாரும் வாய் திறக்காத மைக்கைத் திறந்து வைக்கமாட்டார். அறிவிப்பாளர் நகர்ந்ததும் அந்த மைக்கை மூடிவிடுவார்.

அரங்கம் காலியாக இருக்கும் காலை வேளையில் அவர் செய்யும் வேலை வெளியாட்களுக்கு விசித்திரமாகத் தெரியும். வேண்டுமென்றே கூவ வைப்பார். மேடை மைக்கைத் திறந்து, மானிட்டரின் அளவை மெல்ல மெல்ல ஏற்றுவார். ஏதோ ஒரு புள்ளியில் மெலிதாக விசில் கிளம்பும். 31 பட்டைகள் கொண்ட ஈக்வலைசரில் அந்த விசிலுக்குரிய பட்டையைக் காதாலேயே கண்டுபிடித்து அதை மட்டும் கொஞ்சம் இறக்குவார். மறுபடி ஏற்றுவார், வேறோர் இடத்தில் விசில் வரும், அதையும் இறக்குவார். நாலைந்து இடத்தைப் பிடித்த பிறகு நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வெட்டினால் கூவல் நிற்கும், கூடவே குரலின் உயிரும் போய்விடும்.

இப்போது முன்பு சொன்ன சொதப்பலுக்கு வரலாம். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெரிய ஸ்பீக்கர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அவர்கள் தங்களைத் தாங்களே கேட்க வேண்டுமே என்று காலடியில் சிறு பெட்டிகளை வைக்கிறார்கள். மானிட்டர் என்று ஒரு சாராரும் ஃபீட்பேக் என்று ஒரு சாராரும் அதைச் சொல்வார்கள். பாடகர் தன் குரலைக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார். கூட்டியதும் வயலின்காரருக்குத் தன் வில் கேட்பதில்லை. "நமக்கும் கொஞ்சம் குடுங்க" என்கிறார். கொடுத்ததும் மிருதங்கக்காரர், "சார், குரலே கேக்கலை, எப்படி வாசிக்கிறது?" என்கிறார். அவருக்குக் குரலைக் கூட்டினால் பாடகருக்குச் சுருதி கேட்பதில்லை. அரை மணி நேரத்தில் மேடை ஒரு சந்தையாகிவிடும். அத்தனை பெட்டிகளின் சத்தமும் பின்சுவரில் மோதித் திரும்பி, ஒருவருடைய ஒலி மற்றவருடைய மைக்குக்குள் கலங்கலாக நுழைந்து, முதல் ஐந்து வரிசைக்கு முன்பக்க ஸ்பீக்கரே தேவையில்லாத அளவுக்கு வழியும். கீழே உட்கார்ந்திருக்கும் ரசிகருக்குக் குரல் தெளிவில்லை. குரலைத் தூக்க முன்பக்க அளவை ஏற்றினால், மேடையில் அது இன்னும் மோதும். மேடைக்காரர்கள் மறுபடி விரலை உயர்த்துவார்கள்.

இந்தச் சுழலை நிறுத்த ஒரே வழி, யாராவது ஒருவர் குறைக்கச் சொல்ல வேண்டும். பாடகருக்குக் கூட்டுவதற்குப் பதிலாக மற்ற மூவரையும் கொஞ்சம் இறக்கினால் அவருக்குக் கேட்டுவிடும். இயற்பியல் சுலபம், மனித சுபாவம்தான் கடினம். பெரிய வித்வானுக்கு எதிரில் பெட்டியை இறக்கும் தைரியம் இருபத்து நாலு வயதுப் பையனுக்கு எங்கிருந்து வரும்? கொஞ்சம் பழகியவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். விரல் உயர்ந்ததும் தலையை ஆட்டிவிட்டு, மிக்ஸரில் கையை நகர்த்துவதாகப் பாவனை செய்வார்கள், எதையும் தொடமாட்டார்கள். அரை நிமிடத்தில் பாடகர் திருப்தியாகக் கட்டைவிரலைக் காட்டுவார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த அரை நிமிடத்தில் காது மேடைக்குப் பழகிவிடுகிறது.

மேடைக்கு அடுத்த எதிரி அரங்கம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்கள். புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது எதுவும் புரியவில்லை. ஒரு சொல் முடிந்தும் ஐந்தரை விநாடி வரை அதன் முழக்கம் தங்கி அடுத்த சொற்களை மூழ்கடித்தது. சபைன் நள்ளிரவுக்கு மேல், ஊர் அடங்கிய நேரத்தில், பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த இரவுகளில் பிறந்ததுதான் அரங்க ஒலியியலின் அடிப்படைச் சூத்திரம். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அதை வைத்து வடிவமைக்கப்பட்டது.

மெத்தை மட்டுமல்ல, ஆளும் ஒலியைக் குடிப்பார். ஒவ்வொரு ரசிகரும் தன் உடையோடும் உடம்போடும் சுமார் அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு ஒலியை விழுங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். காலி அரங்கில் மதியம் சரிபார்த்து வைத்த ஒலி மாலையில் ஆள் நிறைந்ததும் வேறாகிவிடுவது இதனால். பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கல்யாண மண்டபத்தில் இந்த வித்தியாசம் பயங்கரம். மெத்தை இருக்கை உள்ள அரங்கில் குறைவு. சென்னையில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. தனியாவர்த்தனம் ஆரம்பித்ததும் கணிசமான ஆட்கள் எழுந்து கேன்டீனுக்கோ கடைசி பஸ்ஸுக்கோ போய்விடுவார்கள். மிருதங்கமும் கடமும் முழு வேகத்தில் போகும் நேரம் பார்த்து, ஒலியை விழுங்கும் உடம்புகள் குறைகின்றன. அரங்கம் கொஞ்சம் அதிகமாக முழங்குகிறது. மிருதங்கத்தின் அடிஸ்தாயியை ஒரு மயிரிழை இறக்கி வைப்பார் விவரம் தெரிந்தவர்.

அரங்கம் நீளமானால் இன்னொரு சிக்கல். ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும், அதாவது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிவிநாடி. மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி பால்கனிக்குக் கீழே ஒரு துணை ஸ்பீக்கர் மாட்டினால், மின்சாரம் வழியே அதற்குப் பாட்டு உடனே வந்துவிடும்; மேடையிலிருந்து காற்றில் வரும் அதே பாட்டுக்கு 72 மில்லிவிநாடி பிடிக்கும். ரசிகருக்கு ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை கேட்கும். அதனால் துணை ஸ்பீக்கரை அதே அளவு தாமதப்படுத்துகிறார்கள். இதில் ஒரு நுட்பம், 72-க்குப் பதில் 82 அளவுக்குக் கொடுப்பது. காதுக்கு எது முதலில் வருகிறதோ அந்தத் திசையிலிருந்துதான் ஒலி வருவதாக மூளை எடுத்துக்கொள்ளும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து காட்டினார். மேடை ஒலி முந்தினால், தலைக்கு மேலிருக்கும் பெட்டி சற்று உரக்க ஒலித்தாலும் பாட்டு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். நன்றாக அமைத்த அரங்கில், மேலே ஒரு ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்பதே ரசிகருக்குத் தெரியாது.

இந்தத் தாமதத்தை வெறும் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திருவையாற்றுக்குப் போகலாம். தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பந்தலில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 30 மீட்டர் இருந்தால் ஒருவர் தாளம் மற்றவர் காதுக்குப் போய்ச்சேர 90 மில்லிவிநாடி ஆகும். விரைவுக் காலத்தில் இது லேசான விஷயம் இல்லை. கையைப் பார்த்துத் தாளம் போடுகிறவர் தப்பித்தார். காதை மட்டும் நம்பினவர் பின்தங்கினார். எந்த மைக்கை எவ்வளவு திறப்பது என்பதில் இருக்கிறது, வானொலியில் கேட்பவருக்கு அது சேர்ந்திசையா கூச்சலா என்பது.

கச்சேரி மட்டும் என்றால் வேலை ஒரு மாதிரி படிந்துவிடும். அதே மேடையில் மறுநாள் பரதநாட்டியம் வரும். நட்டுவனாரின் தாளம் உலோகத்தோடு உலோகம் மோதுவது. அருகிலிருக்கும் பாட்டு மைக்குக்குள் அது ஊசியாய் இறங்கும். சலங்கை ஒலிக்காகத் தரையோடு ஒட்டித் தட்டை மைக் வைப்பார்கள். ஆடுகிறவர் ஓங்கி மிதித்தால் அதில் மேடைப் பலகையின் முனகல்தான் பெரிதாகக் கேட்கும். நாடகம் வந்தால் மேலிருந்து மைக்குகளைத் தொங்கவிடுவார்கள், அல்லது நடிகர்களுக்குக் கம்பியில்லா மைக்கைச் சட்டைக்குள் மாட்டுவார்கள். வியர்வை, உரசல், இடைவேளைக்கு முன் தீர்ந்துபோகும் பேட்டரி என்று தனித்தனிப் பிராணாவஸ்தை. பேட்டரி பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாகப் போட்டுவிடுவதே மலிவு என்பது தொழிலின் பால பாடம்.

எல்லாரையும்விடக் கஷ்டமான கலைஞர் ஒருவர் இருக்கிறார்: சிறப்பு விருந்தினர். மைக்கைக் கண்டதும் அதன் தலையில் நாலு தட்டுத் தட்டுவார். "ஃபூ, ஃபூ" என்று ஊதுவார். பிறகு அதை விட்டு ஓரடி தள்ளி நின்று, பக்கத்திலிருக்கும் செயலாளரைப் பார்த்தபடி பேசுவார். பின்வரிசையிலிருந்து "கேக்கலை" என்று குரல் வரும். மைக்காரர் அளவை ஏற்றும் அதே நொடியில் விருந்தினர் மைக்குக்கு முகத்தைத் திருப்பி உரத்த குரலில், "தமிழ் மக்களே!" என்பார்.

மின்சாரம் இன்னொரு தலைவலி. எர்த் சரியில்லாத பழைய கட்டடங்களில் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும். மேடை விளக்குகளை மங்கச் செய்யும் டிம்மர் ஒரு கரகரப்பைச் சேர்க்கும். விளக்குக்கு ஒரு வரி, ஒலிக்கு ஒரு வரி என்று பிரித்து எடுக்காத அரங்கில் இதைத் துரத்தியே மாலை போய்விடும். கண்டென்ஸர் மைக்குகளுக்கு, ஒலி வரும் அதே கேபிள் வழியே 48 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். சேனலை மூடாமல் கேபிளைப் பிடுங்கினால் 'டமால்' என்று சபையே துள்ளும். ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போட வேண்டும், முதலில் அணைக்க வேண்டும். கேபிளை முழங்கையில் சுற்றக்கூடாது. ஒரு வளையம் நேராக, ஒரு வளையம் உள்மடக்காகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கம்பி முறுக்கேறிப்போகும். உதவியாளராகச் சேரும் பையன் முதலில் கற்பது இதைத்தான்.

எவ்வளவு ஒலி வேண்டும் என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. வீணையில் ஒட்டுமைக் பொருத்தினால் சத்தம் கிடைக்கும். தந்தி மீட்டும் விரலின் மென்மை கொஞ்சம் உலோகமாகும். இயற்கை நாதம் போயிற்றே என்று ஒரு கட்சி. கடைசி வரிசைக்குக் கேட்காத இயற்கை நாதத்தால் என்ன பயன் என்று ஒரு கட்சி. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினையே எடுத்துக்கொண்டு கமகத்தை அதில் பேசவைத்தார். அங்கே மின்சாரம் வாத்தியத்தின் ஒரு பகுதியாகவே ஆனது. நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதியில் ஊர்வலத்தோடு போகப் பிறந்தவை. மூடிய அரங்கத்துக்குள் தவிலுக்கும் மைக் வைத்து முழு அளவில் திறப்பதற்கு, பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கஷ்டம். மறுகோடியில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக்கே இல்லாமல் கச்சேரி நடப்பதுண்டு. அங்கே போகிறவர்கள் கிட்டே வந்து உட்காருகிறார்கள், பேச்சைக் குறைக்கிறார்கள். காக்கையின் குரலையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், பாதகமில்லை.

சட்டமும் இதில் மூக்கை நுழைத்திருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்கங்களுக்கு உள்ளே வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, இசை அரங்குகளில் ஒலியின் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. சபா கச்சேரி அதை எட்டுவது அபூர்வம்; திரையிசை நிகழ்ச்சிகள் சுலபமாக எட்டும். ரசிகருக்கு அது ஒரு மாலை. மைக்காரருக்கு வருடம் முழுவதும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். காதை வைத்துப் பிழைக்கும் தொழிலில், காதடைப்பான் போட்டு வேலை செய்கிறவரை இங்கே இன்னும் விநோதமாகத்தான் பார்க்கிறார்கள்.

படிப்பு என்று பார்த்தால் தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் பிரிவு இருக்கிறது, ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய இசைப்பள்ளி போன்ற இடங்களிலும் ஒலித்தொழில்நுட்பம் கற்கலாம். ஆனால் அங்கே படித்து வருகிறவர்களின் கண் பெரும்பாலும் ஸ்டுடியோ மேல். சபா மேடைகளில் இருப்பவர்களில் பலர் சவுண்ட் சர்வீஸ் கடையில் பெட்டி தூக்கி, கல்யாண மண்டபங்களில் மைக்செட் கட்டி, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். அவர்களுக்குச் சாவேரியும் தன்யாசியும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நூறு கச்சேரி கேட்ட காதுக்கு எந்த இடத்தில் வயலினுக்கு வழிவிட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். ராகம் முடிந்து வயலின் தனியாக எடுக்கும்போது அதை ஒரு சிட்டிகை ஏற்றி, பாடகர் திரும்பச் சேரும்போது இறக்கத் தெரிந்தவர் பக்கவாத்தியக்காரர்தான். அந்த வேலையைத் தெரியாதவர் கையில் விட்டுவிட்டு, லட்சக்கணக்கில் பெட்டி வாங்கி மாட்டும் சபாக்களும் இருக்கின்றன. பெட்டியின் பெயர் நன்கொடைக் கல்வெட்டில் வரும், சம்பளத்தின் பெயர் வராது என்பதால் இருக்கலாம். முன்னணிக் கலைஞர்கள் சிலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: சொந்த மைக்கைப் பையில் எடுத்து வருகிறார்கள், இன்னும் சிலர் சொந்த ஒலிப் பொறியாளரையே கூட்டி வருகிறார்கள்.

பழைய அரங்கங்கள் பலவற்றில் மிக்ஸரை மேடைக்குப் பக்கவாட்டிலோ கண்ணாடி அறைக்குள்ளோ வைத்துவிட்டார்கள். ரசிகர் கேட்பது ஒன்று, மைக்காரர் கேட்பது வேறொன்று. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உப்பு போதுமா என்று ருசி பார்க்கச் சொன்னால் எப்படி? டிஜிட்டல் மிக்ஸர்கள் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. போன வருடம் இதே பாடகருக்கு வைத்த அமைப்பை அப்படியே சேமித்துவைத்து ஒரே தட்டில் எடுக்கலாம். 2020 டிசம்பரில் கொரோனாவால் கச்சேரிகள் இணையத்துக்குப் போனதிலிருந்து, அரங்குக்கு ஒரு கலவை, நேரலைக்கு வேறு கலவை என்று இரண்டையும் ஒரே ஆள் ஒரே பெட்டியில் பார்த்துக்கொள்வதும் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையகலத் திரையை எடுத்துக்கொண்டு எழுந்து நடக்கலாம்.

ஆகவே நல்ல ஆலாபனை ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இளைஞர் டேப்லெட்டைத் தடவியபடி பக்கவாட்டு நடையில் போய்க்கொண்டிருந்தால், படம் பார்க்கிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பால்கனியில் மிருதங்கம் தூக்கலாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால், "சவுண்டு சரியில்லை" என்று மொத்தமாகச் சொல்லாமல், "இந்த வரிசையில குரல் அமுங்குது" என்று இடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் அவரால் ஏதாவது செய்ய முடியும். தனியாவர்த்தனத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது உத்தமம். அதற்குப் பிறகு அவருக்குக் கை ஓயாது.